வெள்ளிக்கிழமை பத்தரை மணிச் சபாநாயகர்

வெள்ளிக்கிழமை பத்தரையை நெருங்கினால் ஜனகராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்து, தொண்டையைச் செருமுவார். "சபையைப் பூட்டப் போறேன். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்பார். அதற்குள்ளிருந்து யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மவுஸை அமுக்குவார்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய பிரௌசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகளுக்கும், துபாய்க்கு மெயில் அனுப்ப வரும் பாய்மார்களுக்கும் அவர் கடைக்காரர். மூலையில் இருக்கும் சொந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சபாநாயகர்.

மதுரையை விட்டுத் தேசம் தேசமாகப் போனவர்கள் இன்டர்நெட்டில் ஓர் இடம் பிடித்து, மதுரை மக்கள் சபை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரட்டையாக ஆரம்பித்தது, சண்டையில் போய் நின்றது. பிறகுதான் சட்டசபை மாதிரி தீர்மானம், விவாதம், ஓட்டு என்று ஒழுங்குக்கு வந்தார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு சட்டம். ஊருக்குப் போகிறவன் சக உறுப்பினர் வீட்டுக்குப் பார்சல் கொண்டுபோவது கடமையா இல்லையா என்று ஒரு தீர்மானம். எத்தனை நாள் பேசலாம், எத்தனை நாள் ஓட்டுப் போடலாம், எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது, இதெல்லாம் ஜனகராஜ் குறிப்பதுதான்.

தினமும் கடைக்கு வந்து உட்காருகிற நான், உறுப்பினர் பெயர்களை அவர் வாசித்தால் பாதிப் பேருக்குப் பாட்டன் பெயர் சொல்லிவிடுவேன். அமெரிக்காவிலிருந்து ஓயாமல் அவசரப்படுத்தும் சாய்பிரசாத், ஜனகராஜின் மனைவி பத்மாசினிக்குச் சித்தப்பா பேரன். அவன் தாத்தாவும் அப்படித்தான். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, மோர் வருவதற்குள் எழுந்துவிடுவார். "பேச ஒரு வாரம், ஓட்டுக்கு ஒரு வாரமா? சீரியல்காரன்கூட இம்புட்டு இழுக்க மாட்டான் மாமா" என்று பேரன் எழுதினான். "கனம் உறுப்பினர் சபாநாயகரை மாமா என்று விளிக்கக் கூடாது" என்று பதில் போனது.

வீட்டிலும் இந்த வழக்கம்தான். கத்தரிக்காயா அவரைக்காயா என்று பத்மாசினி கேட்டால், குளித்துவிட்டு வரும்வரை விவாதத்துக்கு விடுவார். அவர் திரும்பி வரும்போது கத்தரிக்காய் வெந்திருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவது வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில். தீர்ப்பு மட்டும் தமிழில்.

சபையில் எது தொடங்கினாலும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு, ராகுகாலம் கழிந்த பிறகு. முடிவது அடுத்த வெள்ளி பத்தரைக்கு, ராகுகாலம் பிறக்கும் முன். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம் சபை பூட்டிக் கிடக்கும். "ராகுகாலத்துல எவன் எதைப் பேசினாலும் வெளங்காது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் மறந்துபோய்க்கூட ஓர் எழுத்துத் தட்டமாட்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணாடி துடைக்கிற நேரம். வாடிப்பட்டியிலிருந்து ஒச்சாயி வந்து இறங்கினாள். என் பெரியம்மா பேத்திதான். படி ஏறும் முன்பே குரல் ஏறிவிட்டது.

"இங்க சபாநாயகர் யாரு?"

"நாந்தான். உக்காருங்கம்மா."

"உக்கார வரலண்ணே. எம்மவன் முத்துக்குமரன் பேரை இன்னைக்கு அடிக்கப் போறீங்களாம்ல?"

முத்துக்குமரன் சார்ஜாவுக்குப் போகும் முன் இதே கடையில் உட்கார்ந்து உறுப்பினராகச் சேர்ந்தவன். மூன்று தீர்மானங்களுக்குத் தொடர்ந்து பேசாமலும் ஓட்டுப் போடாமலும் இருந்தால் பெயர் போய்விடும் என்பது சட்டம். அன்று முடிவது அவனுக்கு மூன்றாவது.

"பேச்சும் இல்ல, ஓட்டும் இல்ல. நான் என்னம்மா செய்ய?" என்றார் ஜனகராஜ்.

"அவன் எப்ப வந்தாலும் பூட்டியில்ல கெடக்காம்! வெள்ளிக்கிழமை ஒருநாத்தான் லீவு. கம்பெனி வண்டி, நெட்டு பாக்குற கடை இருக்குற தெருவுல எறக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரத்துல திரும்ப அள்ளிட்டுப் போயிருமாம். அங்க ஒம்பதுல இருந்து பத்தரை. நம்ம மணிக்குப் பத்தரையில இருந்து பன்னெண்டு."

துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. இத்தனை நாளாக அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை.

"எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம்லம்மா?"

"சபாநாயகருக்குத் தனியா எழுதுனாக் குத்தம்னு எவனோ சட்டம் போட்டுருக்கானாம்."

"எவனோ இல்லக்கா, இவர்தான்" என்றார் பத்மாசினி, கல்லாவிலிருந்து.

ஒச்சாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அங்க ஒருத்தனும் அவனைப் பேர் சொல்லிக் கூப்புடுறதில்லையாம்ணே. கைப்பட்டையில நம்பர் இருக்காம், அதைச் சொல்லித்தேன் கூப்புடுறாங்களாம். ஒங்க சபையிலதான் கனம் உறுப்பினர் முத்துக்குமரன்னு எழுதுவீங்களாம். அதையும் அடிச்சுப்புட்டா எப்படிண்ணே?"

ஜனகராஜ், "ராகுகாலம்மா..." என்று இழுத்தார்.

"அவனுக்கு அங்க ஒம்பது மணிதானே? இன்னும் பொறக்கவே இல்லையே ராகுகாலம்!"

"அவனுக்குப் பொறக்கல. சபைக்குப் பொறந்திருமே. சபை இங்கல்ல இருக்கு?"

"இங்க எங்க இருக்கு? காட்டுங்க, நானும் ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்."

அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். பத்மாசினி விடவில்லை. "அதுலயா இருக்கு? அமெரிக்காவுல ஏதோ பெரிய கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அங்க இன்னும் வியாழக்கிழமையே முடியலையே."

ஜனகராஜ் சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னார். பத்மாசினி அதைவிட நீளமாக என்னவோ சொன்னார். கடைசியில் அவர் எங்கள் பக்கம் திரும்பி, "இது முக்கியமான பிரச்சனை. இதுக்கு ஒரு வாரம் விவாதம் வச்சு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வாரமா!" என்றாள் ஒச்சாயி.

மெயில் அடிக்க வந்திருந்த பாய் ஒருவர், "அண்ணே, பத்தரை ஆயிருச்சு, இன்னைக்குப் பூட்டலையா?" என்று நல்ல எண்ணத்தில் நினைவூட்டினார். திரையிலும் சாய்பிரசாத் வந்துவிட்டான்: "சபாநாயகர் அவர்களே, நேரம் முடிந்தது. பூட்டுங்கள்."

சபாநாயகர் பூட்டினால்தான் ஓட்டு முடியும். ஜனகராஜின் கை தன் பாட்டுக்கு மவுஸை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டார். மறுபடியும் போனது. பழகிய கை, சொன்னால் கேட்கிறதா? சாய்பிரசாத் வரிசையாகக் கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தான். ஜனகராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் சொருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஒச்சாயியும் உட்காரவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. திரையைப் பார்க்காமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்மாசினிதான் முதலில் பார்த்தார். "அக்கா, வந்துட்டான்!"

"என்ன எழுதியிருக்கான்?"

பத்மாசினி குனிந்து வாசித்தார். "'வணக்கம். சபை திறந்தா இருக்கு? நான் ஓட்டுப் போடலாமா?'னு கேக்குறான்."

"பதில் சொல்லுங்கண்ணே. வண்டி வந்துரும்."

ஜனகராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒச்சாயியைப் பார்த்தார். ஒரு கையை மட்டும் தொடைக்கடியிலிருந்து உருவினார். மற்றது அங்கேயே இருந்தது. உருவிய கையின் ஒற்றை விரலால், கனம் என்ற சொல்லுக்குக் 'க' எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.