கரண்ட் வராத கிணற்றின் வெந்நீர்

"கையெழுத்துப் போடுங்க, ரிப்போர்ட்ட சாயங்காலம் அனுப்பணும்" என்று மேனேஜர் நீட்டிய காகிதத்தை நான் தொடவில்லை.

நீடாமங்கலத்துக்கு வெளியே, எரிவாயு தீர்ந்து மூடிக் கிடந்த ஆழ்கிணறு அது. அடிப்பாறையின் சூட்டை வைத்துக் கரண்ட் எடுத்தோ வேறு வழியிலோ தொழில் நடத்த முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. லாகிங் கருவியை இறக்கி வெப்பம் அளப்பதில் எனக்கு முப்பது வருட சர்வீஸ். கருவி எண்பது டிகிரி காட்டியது. 'லாபமில்லை' என்று ரிப்போர்ட் தயார்.

பக்கத்து ரைஸ் மில்காரர் ஜமால் பாய் முகம் வாடி நின்றார். அவருடைய பாய்லரிலிருந்து உமிச் சாம்பல் தெருவெல்லாம் விழுகிறது என்று புகார். வேறு சூடு கிடைக்காவிட்டால் மில்லை மூட வேண்டும். அவரை நம்பிய ஆட்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நேத்து வரைக்கும் கெணத்தக் கழுவுறேன்னு பச்சத் தண்ணியா எறக்கியிருக்கீங்க. இன்னிக்கு அளந்தா அது பாறையோட சூடா, உங்க தண்ணியோட சூடா? பத்து நாள் சும்மா விடுங்க சார்."

"வெளையாடுறீங்களா? அப்பவும் ஏறலன்னா?"

"தப்ப எம்மேல எழுதுங்க."

மேனேஜர் அரைமனதாகப் பத்து நாள் கொடுத்தார். பதினோராம் நாள், அதே ஆழத்தில் நூற்றிருபது! மேனேஜரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தேன். அவர் கணக்குப் போட்டுவிட்டு, "இருந்தாலும் கரண்ட் எடுக்கக் கட்டுப்படியாகாதே" என்றார். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கரண்ட்டு யாருங்க கேட்டா?" என்றார் ஜமால் பாய். "பச்சத் தண்ணில நெல்ல ஊறப்போட்டா புழுங்கல் நாறும். கை பொறுக்காத வெந்நி குடுங்க, போதும். அவிக்கிறதுக்கு மட்டும் சின்ன பாய்லர் வச்சுக்கிறேன், சாம்பலும் கொறஞ்சிடும்."

எத்தனை கிணற்றில் கருவியை இறக்கியிருப்பேன்! சூட்டை வாங்கப் போகிறவரிடம் 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

குழாய்க்குள் குழாய் இறக்கினோம். வெளிக்குழாயில் தண்ணீர் கீழே போய், பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு உள்குழாயில் ஏறி வரும். வால்வைத் திறந்த அன்று ஜமால் பாய் தொட்டியில் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்தார்.

"யா அல்லாஹ், சுடுதுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மில் ஆட்கள் கைதட்டினார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அளப்பதற்கு முன் கிணற்றுக்குப் பத்து நாள் கொடுங்கள். 'லாபமில்லை' என்று எழுதுவதற்கு முன் வாங்குகிறவருக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்.

வால்வைத் திறந்த அன்றே, 'வெந்நீருக்கு லாபமுண்டு' என்ற இரண்டாவது ரிப்போர்ட்டை மேனேஜர் நீட்டினார். அதில் நான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.