ஆணிக்கு இடம் தேடும் சம்பந்தம்

எந்த ஃப்ளாட்டுக்குள் காலை வைத்தாலும் சம்பந்தம் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்பதில்லை. நேரே ஹால் சுவரிடம் போவார். விரலை மடக்கி முட்டியால் டொக் டொக் என்று தட்டுவார், காதை ஒட்டிவைத்துக் கேட்பார். பிறகு கூட வந்த விற்பனையாளரைத் திரும்பிப் பார்த்து, "இதுல ஆணி அடிச்சா நிக்குமா?" என்பார். மாடுலர் கிச்சன், நீச்சல் குளம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்த மனிதர் பாவம், திருதிருவென விழிப்பார்.

இந்த ஆணிப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. சம்பந்தத்தின் அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். "சர்க்கார் சுவர், கை வெக்காதே" என்பது அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டில் அவர் போட்ட சட்டம். அங்கிருந்து வெளியே வந்தால் வாடகை வீடுகள். ஒவ்வொரு ஓனரும் சாவியைக் கொடுக்கும்போதே "மேகுலு கொட்டொத்து சார்", ஆணி அடிக்காதீங்க என்று தெலுங்கில் ஒரு முறை, புரியாமல் போய்விடுமோ என்று சுத்தியலை ஓங்குவதுபோல் கையை ஆட்டி இன்னொரு முறை சொல்லிவிடுவார். ஐம்பத்தாறு வயதாகிறது, மனிதர் இதுவரை ஒரு சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை! காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கடிகாரம் ஃப்ரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் போட்டோ பீரோமேல் சாய்ந்து நிற்கிறது. "எங்க போட்டோவுக்கு கல்யாணத்துலேர்ந்து ஸ்டாண்டிங்தான், இன்னும் பெர்த் கன்ஃபர்ம் ஆகல" என்பார் மனைவி சுமலதா.

சம்பந்தம் வாரம் முழுக்கப் பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு பார்க்கும் படலம். பில்டரே கார் அனுப்புவார், பிரியாணியும் போடுவார். சொல்வதற்கெல்லாம் சம்பந்தம் "ஹவ், ஹவ்" என்று உற்சாகமாகத் தலையாட்டுவார். விலையைச் சொன்னதும் "நக்கோ பாபு" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

சுமலதா அப்படி மயங்குகிற ஆள் இல்லை. அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் அட்மிஷன் பார்க்கிறவர். "தினம் நான் பேரன்ட்ஸ்கிட்ட பேசுற பேச்சைத்தான் இந்த சேல்ஸ்மேன் என்கிட்ட பேசுறான்" என்று கணவரின் காதைக் கடிப்பார். செக் புத்தகம் இருக்கும் கைப்பை எப்போதும் அவர் தோளில். எந்த ஃப்ளாட்டிலும் அதை இறக்கி வைத்ததில்லை. பிரியாணி சாப்பிடும்போதுகூடத் தோளில்தான்.

இப்படி இருந்த குடும்பத்தில் துபாய் புகுந்தது. புகுத்தியது மகள் நித்யஸ்ரீ. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். "டாடி, லிவ் ஹியர், பை தேர்" என்று ஒரே போடாகப் போட்டாள். குடியிருப்பது இங்கே, வீடு வாங்குவது அங்கேயாம். பேகம்பேட்டில் ஒரு ஹோட்டலில் துபாய் வீட்டுக் கண்காட்சி. கோட்டு போட்டுக்கொண்டு போனார் சம்பந்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் குட்டிக் கோபுரங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு, சுற்றிலும் நீலத் தண்ணீர். மனிதர் சொக்கிப் போனார். "சுமா! நம்ம ஜன்னல் எது பாரு, அந்த மேல, லைட் எரியுதே!" என்று கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

அந்த வாரம் அவர் கால் தரையில் படவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே "துபாய் ஓனர் வந்தாச்சு" என்று கேலி. அதையும் வாய் கொள்ளாமல் சிரித்து வாங்கிக்கொண்டார். கணக்கும் அவர் பக்கம்தான் பேசியது. அங்கே வாடகை அதிகம் வருமாம், பணத்தைத் தவணையில் கட்டலாமாம். எதிர்த் தட்டில் இருந்தது மல்காஜ்கிரியில் பார்த்துவைத்த ஃப்ளாட். லிஃப்ட் முனகும், பால்கனிக்குக் கீழே ரயில் தடதடக்கும், வாடகைக்கு விட்டால் சொற்பம். கையில் இருப்பதோ ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். அங்கேயா, இங்கேயா? மல்காஜ்கிரிக்காரர் இந்த ஞாயிறு வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"காய்கு, எதுக்கு இவ்ளோ யோசனை? துபாய்தான்!" என்று அந்த ஞாயிறு காலை சம்பந்தம் மறுபடி கோட்டை மாட்டினார்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் பேகம்பேட் ஹோட்டலில் உட்கார்ந்தாயிற்று. எதிரில் சாய்கிருஷ்ணா என்கிற விற்பனையாளர், பேனாவைத் திறந்து நீட்டிவிட்டார். அப்போதுதான் சம்பந்தத்தின் கை, பழக்க தோஷம், கண்ணாடிப் பெட்டியை டொக் டொக் என்று தட்டியது. "இதுல ஆணி அடிச்சா நிக்குமா?"

சாய்கிருஷ்ணா சிரித்துவிட்டார். "அங்கிள், நீங்க அங்க இருக்கவே போறதில்லையே!"

"குடியிருக்கறவன் அடிக்கணும்னா?"

"உங்க பர்மிஷன் இல்லாம ஒரு ஓட்டை போட முடியாது. அக்ரிமென்ட்லயே போட்டுடறோம். நீங்க ஓனர், அங்கிள்!"

சம்பந்தத்துக்கு முதலில் நெஞ்சு விம்மியது. "நான் கூடாதுன்னா கூடாதுதானே?" என்று இன்னொரு தரம் கேட்டு ரசித்தார். ரசித்துக்கொண்டே இருந்தவரின் முகம் மெல்ல மாறியது. திறந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"சுமா, அந்தாளு அவன் கல்யாண போட்டோவை எங்க வெப்பான்?"

சுமலதா அவரைப் பார்த்தார். "நம்மளை மாதிரி பீரோ மேலதான்" என்றார். "எழுந்திருங்க."

ஹோட்டல் வாசலிலேயே ஆட்டோ பிடித்தார்கள். வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தச் சொல்லி, சம்பந்தம் இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது கோட்டுப் பை ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது. காதலியைப் பார்க்கப் போகிற வாலிபனுக்குக்கூட அப்படி ஓர் அவசரம் இருக்காது! "சீக்கிரம் போப்பா, வேற யாராவது டோக்கன் போட்டுடப் போறாங்க" என்று டிரைவரை வழியெல்லாம் பிய்த்தெடுத்தார்.

மல்காஜ்கிரி ஃப்ளாட்டின் ஹால் சுவர் புது வெள்ளையில் பளிச்சென்று நின்றது. கதவைத் திறந்துவிட்ட பில்டரின் ஆள் பார்க்கிங் பற்றி ஆரம்பித்தார். சம்பந்தம் டொக் டொக் என்று தட்டினார், காதை வைத்தார், கேள்வி கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்து ஓங்கி ஓர் அடி. முதல் அடி கட்டை விரலில் விழுந்தது. மனிதருக்குப் பழக்கமே கிடையாதே! விரலை உதறிக்கொண்டு மறுபடி அடித்தார். கீழே ரயில் போனது. சுவர் அதனால் அதிர்ந்ததா, அவர் அடித்ததில் அதிர்ந்ததா தெரியவில்லை.

"அரே சார், இன்னும் டோக்கன்கூட கட்டலியே!" என்று பில்டரின் ஆள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சம்பந்தம் சுத்தியலோடு திரும்பினார். முகமெல்லாம் பல், கண் கலங்கியிருந்தது. "நிக்குது, சுமா!" என்றார்.

சுமலதா சுவரருகே போய், தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார்.