காலா, தலையா?

போன திங்கட்கிழமை ஒரு மனிதரைத் தூக்கினேன். சாதாரண மனிதர் அல்ல — ஜவுளிக்கடை நாகலிங்கம். இரண்டு பேர் எடை, ஒரே வேட்டி.

கடலூரில் முதலுதவிப் பயிற்சி முடித்து சர்டிபிகேட் வாங்கியதை எழுதியிருந்தேன் அல்லவா? சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் வேலைக்குக் கூப்பிட்டது. கூடவே ஒரு நிபந்தனை. "பொம்பளப் புள்ள ஸ்ட்ரெச்சர் தூக்குமா? ஒரு கேஸ் தூக்கிக் காட்டட்டும்" என்றார் டாக்டர். தேறினால் வேலை. இல்லையென்றால் சர்டிபிகேட்டுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம்!

கேஸ் மேலவீதியில் கிடைத்தது. பரணிலிருந்து பித்தளை அண்டா இறக்கப்போன நாகலிங்கம், அண்டாவுக்கு முன்னால் இறங்கிவிட்டார். இடது கால் முறிவு.

என் கையில் பதினோரு வரிப் பட்டியல். ஒன்று, மூச்சைப் பார். இரண்டு, ரத்தப்போக்கைப் பார்... ஆறாவது வரை கச்சிதம். மட்டை வைத்துக் காலைக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றியாயிற்று. டாக்டர் நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

ஏழு: நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும்.

டிரைவர் காசிம் பாய் கால் பக்கம். நான் தலை பக்கம். வாசலை நெருங்கினோம்.

"அடிப் பாவிப் பொண்ணே!" நாகலிங்கத்தின் மனைவி அலறினார். "உசுரோட இருக்குற மனுசன காலு முன்னால கொண்டுபோறியே! பொணமா அவுரு?"

அதுவரை முனகிக்கொண்டிருந்த நாகலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். பாதம் தெருவில்! அடுத்த நொடி இரண்டு கையாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்குங்க! நான் நொண்டியே வந்துடுறேன்!"

"தங்கச்சி, இவுரு கைய விட்டாத்தான் நம்ம வண்டி நவுரும்" என்றார் காசிம் பாய்.

டாக்டர் நோட்டில் ஏழாவது வரிக்கு வந்திருந்தார். பென்சில் மட்டும் காத்திருந்தது.

விதியா, வேலையா, நிலைப்படியா? சரி... இந்த விதி எதற்கு? பின்னால் வருகிறவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர. அவ்வளவுதானே!

"பாய், முற்றத்துக்குப் போய்த் திருப்பிக்கலாம்."

அதைக் கேட்டதும் நாகலிங்கம் நிலைப்படியை விட்டார். திருப்பினோம். இப்போது தலை முன்னால், நான் அதற்கும் முன்னால் — பின்பக்கமாக நடந்தேன், அவர் முகத்தைப் பார்த்தபடி. "படி இருக்கு தங்கச்சி... இன்னொண்ணு... ஆச்சு" என்று காசிம் பாய் வழி சொன்னார். தலை தாழாமலிருக்க என் பக்கத்தைத் தோள்வரை உயர்த்தினேன். ஜவுளிக்கடையே தோளில் ஏறியதுபோல் இருந்தது.

வண்டி கிளம்பியதும் டாக்டர் கேட்டார்: "ஏழாவது என்னாச்சு?"

"முகத்த விட்டுக் கண்ண எடுக்கல சார்."

"என்ன பாத்தே?"

"கீழ்க் கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்ல. வாசல்லேர்ந்து வண்டி வரைக்கும் கத்திக்கிட்டே வந்தாரு. மூச்சு பிரமாதம் சார்."

டாக்டர் நோட்டை மூடினார். "போன வருசம் எனக்குக் கால் ஒடிஞ்சப்போ எங்கம்மா வாசல்ல குறுக்க படுத்துட்டாங்க" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "நாளைக்கே வேலைல சேந்துடு."

ஆஸ்பத்திரி வாசலில் நாகலிங்கத்திடம் பணிவாகக் கேட்டேன்: "காலா, தலையா?"

"இது என்ன எம் வூடா? எப்படி வேணா எறக்கும்மா!"

அன்றே என் பட்டியல் பன்னிரண்டு வரியாயிற்று. புதியதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்: முதலில் வீட்டுக்கார அம்மாவைக் கேள், மூச்சைப் பிறகு பார்க்கலாம்.