தலைகீழ் உத்திரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தூண் கிடையாது. இருபதடி அகலம், இருபத்திரண்டடி நீளம். அண்ணாந்து பார்த்தால் கூரை வழுவழுவென்று ஒரே மட்டமாக இருக்கும், உத்திரம்கூடக் கண்ணில் படாது. வருகிறவர்கள் முதலில் மேலே பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்கு நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கம் காட்ட எனக்கு வராது.

நான் சிவில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு திண்டுக்கல்லில் ஓர் இஞ்சினியர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வாக்கப்பட்டு வந்த குடும்பத்துக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. கல்யாணம், பிள்ளை என்று வேலை நின்று போனது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், இனி நானே தனியாக வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். என் கணவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், அம்மா வாயைப் பார்ப்பார்.

அத்தை ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வடமதுரை ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் அப்போது வீடு கட்டுவதாக இருந்தோம்.

"மொதல்ல நம்ம வீட்டக் கட்டு தாயி. இது ஒழுங்கா நின்னுச்சுன்னா ஊருக்கெல்லாம் கட்டு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஏதாச்சும் ஏடாகூடமாச்சு, பேசாம அடுப்படியப் பாத்துக்கிட்டு இருந்துக்க."

அது மிரட்டல் இல்லை. அத்தை கமிஷன் கடை கல்லாவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். ஒரு லோடு காயைப் பார்க்காமல் அடுத்த லோடுக்கு விலை சொல்ல மாட்டார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இந்த ஒரு வீட்டில் தவறினால் படித்த படிப்பை மடித்து பீரோவில் வைத்துவிட வேண்டியதுதான்.

அத்தைக்கு இரண்டே ஆசை. ஒன்று, கூடத்தில் தூண் இருக்கக் கூடாது. நாளைக்குப் பேத்திக்குச் சடங்கு, கல்யாணம் என்றால் பந்தி போட இடம் வேண்டும். இரண்டு, உத்திரமும் இருக்கக் கூடாது.

"உத்திரத்துக்கு அடியில ஒக்காந்தா தலபாரம், படுத்தா பீட. எங்கப்பா காலத்துலருந்தே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கட்டட வேலையில் எங்களுக்குச் சில கைக்கணக்குகள் உண்டு. சமையலில் உப்புக்குக் கையளவு இருப்பது மாதிரி. விரிவான கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் கைக்கணக்கிலேயே உதைக்கிற விஷயம் விரிவான கணக்கில் தேறாது. அதில் முதலாவது, உத்திரத்துக்கு அடிக்கு ஓர் அங்குலம். பத்தடி தாண்டுகிற உத்திரம் பத்து அங்குல உயரம், இருபதடி தாண்டுகிறது என்றால் இருபது அங்குலம். எங்கள் கூடத்தை நடுவில் குறுக்காகத் தாங்க இருபதடி உத்திரம் ஒன்று வேண்டும். கூரைத் தளத்தின் கனம் ஐந்து அங்குலம் போக, மீதிப் பதினைந்து அங்குலம் கூரைக்குக் கீழே, சரியாக அத்தையின் தலைக்கு மேலே தொங்கும். தூணை எடுத்தால் உத்திரம் வளரும். இதற்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் கிடையாது.

அத்தையின் தம்பி எனக்குச் சித்தப்பா முறை. வடமதுரையில் புளி வியாபாரம். அவர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"பாரு தாயி, மறைவு பீமாம். தளத்துக்குள்ளயே கம்பியப் போட்டு ஒளிச்சு வச்சுர்றாய்ங்க. கீழயும் தெரியல, மேலயும் தெரியல."

"அந்த வீட்டுல எத்தனை அடி சித்தப்பா?"

"அதெல்லாம் யாரு கேட்டா? எங்க பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருக்கான், நல்லாத்தான் இருக்கு."

"அவர் வீட்டுல பெரிய ரூமே பத்தடிதான். நம்மளுது இருபது. உத்திரத்தோட பலம் அதோட உயரத்துல இருக்கு. அஞ்சு அங்குலத்துக்குள்ள அதை ஒளிச்சு வச்சா உத்திரம் மட்டும் மறையாது, நம்மளும் சேர்ந்து மறைவோம்."

சித்தப்பா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். "மேஸ்திரி செய்யலாம்ங்கிறாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி, "ஒங்க அத்தை போடச் சொன்னா போட்ருவேன் மேடம். அதுக்குக் கீழ நான் குடியிருக்கப் போறதில்லையே" என்றார். நல்ல மனுஷர், அவருடைய நேர்மை அந்த அளவுக்கு இருந்தது.

தூணும் வேண்டாம், உத்திரமும் வேண்டாம், வீடு மட்டும் நிற்க வேண்டும். இரண்டு நாள் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதே நினைப்பு. மூன்றாம் நாள் பட்டென்று பிடிபட்டது. அத்தை வேண்டாம் என்றது தலைக்கு மேலே தொங்கும் உத்திரத்தை. அது கீழ்ப்பக்கம் தொங்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அதே இருபது அங்குலத்தை மேல்நோக்கி வைத்துவிட்டால், கூரை கீழே மட்டமாக இருக்கும், உத்திரம் மொட்டைமாடியில் முழங்கால் உயரத் திட்டாக நிற்கும். தளம் அதில் தொங்கிக்கொள்ளும். தலைகீழ் உத்திரம் என்பது நான் கண்டுபிடித்தது இல்லை, பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அத்தையின் பீடையையும் பாடப்புத்தகத்தையும் ஒரே தாளில் உட்கார வைத்தது நான்.

வரைந்து காட்டினேன். அத்தை தாளை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார்.

"மாடியில மழத்தண்ணி தேங்காது?"

முதல் கேள்வியே சரியான கேள்வி. எனக்கு அவரைப் பிடித்துப் போனது. திட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனத் தண்ணீர் இறங்கத் தனித்தனிக் குழாய் வரைந்திருந்ததைக் காட்டினேன். "அப்பச் சரி" என்றார். சித்தப்பா மட்டும், "தலகீழாக் கட்டுற வீடு, என்ன கூத்தோ" என்று டீயைக் குடித்தார்.

தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள் எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம். நல்ல நேரம் பார்த்துப் பூசை போட்டு ஆரம்பிப்பார்கள். வேலையாட்களுக்கு மத்தியானம் பிரியாணி. சொந்தபந்தம் எல்லாம் வந்து நிற்கும். காலையில் கலவை மிஷின் வந்துவிட்டது, ஜல்லியும் மணலும் குவிந்து கிடந்தன. ஒரு மூலையில் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். நான் பார்த்த பிறகுதான் கான்கிரீட் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

பலகை மேல் ஏறி உத்திரத்தின் கம்பிக்கூட்டைப் பார்த்தேன். தடித்த கம்பிகள் மூன்றும் மேலே இருந்தன. மெல்லிய கம்பிகள் இரண்டும் கீழே கிடந்தன.

கம்பி கட்டுகிறவரைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறவர், சோம்பேறி இல்லை. வரைபடத்தைத் தாண்டி யோசித்துவிட்டார்.

"பீமத் தலகீழாத்தான போடுறோம் மேடம்? அப்பக் கம்பியும் தலகீழாத்தான வரும்? வரைபடத்துல மாத்திப் போட்டுட்டீங்கன்னு நானே சரி பண்ணி விட்டேன்" என்றார். எனக்கு உதவி செய்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

"கான்கிரீட் போட வேண்டாம். நிறுத்துங்க" என்றேன்.

கீழே ஐயர் கற்பூரத் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கம்பி எங்க இருந்தா என்ன மேடம், உள்ளதான இருக்கு. இதப் பிரிச்சா மத்தியானமாயிரும்." சித்தப்பாவோ மாடிப்படிக்குக் கீழே நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி, "நல்ல நேரம் போகுதுத்தா. ஆக்கப் பொறுத்தவுக ஆறப் பொறுக்கக் கூடாதா? கான்கிரீட்டப் போட்டுட்டுப் பெறகு பேசிக்கலாம்" என்றார். பொறுமைக்குச் சொல்கிற பழமொழியை அவசரத்துக்குச் சொன்னார், அதுவும் தலைகீழ். கான்கிரீட் போட்ட பிறகு பேசி என்ன செய்ய? கம்பி எங்கே இருக்கிறது என்று கல்லுக்குள் யார் போய்ப் பார்ப்பது?

கணக்கு, வளைவு, இழுவிசை என்று பேசினால் அந்தக் கூட்டத்தில் ஒருவர் காதிலும் ஏறாது. படியிறங்கி நேரே சமையல் மூலைக்குப் போனேன். பச்சடிக்கு வைத்திருந்த வெள்ளரிக்காயில் நீளமாக நான்கைந்து எடுத்தேன். என் கணவர் விடியக் காலையில் மார்க்கெட்டிலிருந்து கொண்டு வந்த பிஞ்சு. இரண்டு செங்கல்லைத் தள்ளி வைத்து, மேலே ஒரு வெள்ளரிக்காயைக் குறுக்காக வைத்தேன்.

"அத்தை, நடுவுல அமுக்குங்க."

அத்தை அமுக்கினார். காய் வளைந்து, அடிப்பக்கம் வாய் பிளந்தது.

"எங்க பிளந்துச்சு?"

"கீழ."

"இன்னொன்னு வைக்கிறேன். இதைத் திருப்பிப் போட்டு அமுக்குங்க. தலகீழ்."

அதுவும் அடியில்தான் பிளந்தது. அத்தை என்னைக் கேட்காமலே மூன்றாவது காயை எடுத்து, பக்கவாட்டில் உருட்டி வைத்து அமுக்கினார். அதுவும் அடியில்தான். காய்கறி பொய் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும்.

"உத்திரத்தை மேல வச்சாலும் கீழ வச்சாலும் பாரம் கீழ்நோக்கித்தான் அமுக்கும், பிளக்கிறது அடியிலதான். பிளக்காம இழுத்துப் பிடிக்கிற தடிக்கம்பி அங்கதான் இருக்கணும். இப்ப மேல இருக்கு" என்றேன்.

கம்பி கட்டுகிறவர் குனிந்து வெள்ளரிக்காயைப் பார்த்தார். "அடடே" என்றார், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

"எல்லாஞ் சரி, நல்ல நேரம்?"

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல நேரத்துல நல்ல காரியம் பண்ணணும். தப்பத் திருத்துறது கெட்ட காரியமா? ஐயரே, சூடத்தக் காட்டுங்க. ஏப்பா, மொதக் கம்பிய உருவுங்க."

தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, முறைப்படி பூசை செய்து, கட்டின கம்பியைப் பிரித்த வீடு இந்த ஜில்லாவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். தளத்துக் கம்பிகளை இரண்டு பக்கமும் உருவினார்கள். பிறகு கான்கிரீட் போட வந்தவர்களும் கைகொடுத்து, இருபதடிக் கம்பிக்கூட்டை ஒரே தூக்காகத் தூக்கிக் குப்புறப் புரட்டினார்கள். தடிக்கம்பி அடியில் போய் உட்கார்ந்தது. உருவின கம்பிகளைத் திரும்பக் கோத்துக் கட்டினார்கள். நான் ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்த்தேன். பிரியாணி முதலில், கான்கிரீட் அப்புறம் என்று ஆனது. பந்திக்கு முந்தினதில் யாருக்கும் வருத்தமில்லை. பொழுது சாய்வதற்குள் தளம் போட்டு முடித்தோம். வெயிலில் முகம் கருத்து, சேலையெல்லாம் சிமெண்டுப் பால் தெறித்து, நான் அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. தளத்தைக் கீழிருந்து தாங்கி நிற்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்கிற நாள்தான் பரீட்சையின் முடிவு. தண்ணீர் கட்டி, தளம் நன்றாக இறுகின பிறகு அந்த நாள் வந்தது. சித்தப்பா அதற்கும் வந்துவிட்டார், வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். இங்கேயும் ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் தாங்கலுள்ள உத்திரத்துக்கு நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரங்களுக்குப் பிரித்துப் போக வேண்டும். ஒவ்வொரு முட்டும் விழும்போது என் நெஞ்சில் சுத்தியல் விழுந்தது. கணக்கை நான்கு முறை சரிபார்த்தவளுக்கு என்ன பயம் என்று கேட்கலாம். கட்டிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

கடைசி முட்டும் விழுந்தது. மேஸ்திரி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, உத்திரத்தின் அடியை ஒட்டி நூல் இழுத்துப் பிடித்தார். நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். நூலுக்கும் கூரைக்கும் நடுவே தொய்வு இல்லை, ஒரு கீறல் இல்லை. "நிக்கிது" என்றேன்.

வெளியே நின்றவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கூடத்தின் நட்ட நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏலே, அங்கயே ஏன் நிக்கிற? உள்ள வா. ஒன் புளிக் குடோனுக்குத் தூண் இல்லாம ஷெட் வேணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, யாருகிட்டக் கேக்கப் போற?"

சித்தப்பா ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார், மேலே பார்த்தார், மறு காலையும் வைத்தார்.

"தாயி, நேரமிருந்தா ஒரு எட்டு வந்து அளந்து பாக்குறியா?" என்றார்.

"நாளைக்கு வாரேன் சித்தப்பா. வீட்டுல இன்னும் ஒலகூட வைக்கல."

அத்தை என் கையிலிருந்த அளவு டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு என்னத்துக்கு? அவன் வண்டியிலயே போயிட்டு வந்துரு" என்றார். "இன்னைக்குச் சோறு நான் ஆக்குறேன்."