ஆவி இறங்கிய ஞாயிறு

ஓசெல்லா பாட்ஸ் அடித்தால் கையை மடக்கித்தான் அடிப்பாள். அறைவது, கிள்ளுவது எல்லாம் அவளுக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரப் பேருந்துப் பணிமனையில் நாங்கள் இருவரும் ஒன்றாக ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தோம். ஞாயிறானால் கறுப்பர்களான எங்களுடைய நியூ கீலேயாத் சபையில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். என் பெயர் டெல்ஃபின். அவளுக்கு மட்டும் டெல். அந்த உரிமையில் சொல்கிறேன், முன்பெல்லாம் அவளுக்கு வாய்தான் நீளம். கை நீண்டது அவள் மகன் டேவியன் செத்த பிறகு.

அவனைச் சுட்டது ஜமார்கஸ் என்ற பதினேழு வயதுப் பையன். இருவரும் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஒன்றாக வசனம் ஒப்பித்தவர்கள். கோழி பொரித்து விற்கும் கடை வாசலில், நாலு பேர் முன்னால், ஒருவன் போட்டிருந்த சட்டையை மற்றவன் கிண்டல் செய்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். மார்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று.

அந்தக் கடை ஓசெல்லாவின் தடத்திலேயே இருந்தது. பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தவள் கூட்டத்தின் நடுவே மகனின் காலைப் பார்த்தாள். பாய்ந்து போய் அவன் கழுத்துக் காயத்தில் கையை வைத்து அழுத்தினாள். விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கொப்பளித்தது. போலீஸ்காரர்கள் வந்து அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி அப்பால் போட்டார்கள். தடயம் கலைந்துவிடுமாம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் ஊர்ப் பேச்சானது. திரும்பிப் பஸ்ஸில் ஏறினாள். பயணிகளை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டாள். பணிமனையில் வண்டியைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் பிணவறைக்குப் போனாள். என்ன நெஞ்சுரம் என்று எல்லோரும் மெச்சினார்கள். ரத்தக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து வந்தவளைப் பார்த்து மெச்சத் தோன்றுகிறதே, இந்தக் கூட்டத்தை என்ன செய்வது? அன்றைக்கே அவளைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அழாத பெண்ணைக் கண்டால் கும்பிட மட்டும்தான் தெரியும்.

அடக்கம் முடிந்து சபையின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. எல்லோரும் டேவியனின் முகம் அச்சடித்த பனியன் போட்டிருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் பெர்லீன் வந்து ஓசெல்லாவின் தோளைத் தட்டினாள்.

"நீ இரும்புடி தங்கம். நம்ம பொம்பளைங்க உடைய மாட்டாங்க."

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய மக்ரோனித் தட்டு மேசையில் இருந்தது. ஓசெல்லா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பெர்லீனின் முகத்தில் கவிழ்த்தாள். பாலாடைக்கட்டி ஒட்டிக்கொண்ட இடமெல்லாம் தோல் உரிந்து வந்தது. துக்கத்தில் செய்தது என்று சபையார் விட்டுவிட்டார்கள். பெர்லீன் மட்டும் அதற்கப்புறம் யாரையும் இரும்பு என்று சொன்னதில்லை.

அடுத்தது பணிமனை. காபி நேரத்தில் ஒருவன் ஏதோ துப்பாக்கி ஜோக் சொன்னான். ஓசெல்லா பிளாஸ்கைச் சுழற்றி அவன் வாயில் ஒரு போடு போட்டாள். பல் தெறித்து என் கோப்பையில் விழுந்தது. விலக்கப் போன எனக்கும் விலாவில் ஒன்று கிடைத்தது. மேலதிகாரி அவளை மனநல ஆலோசகரிடம் போனில் பேசச் சொன்னார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

"ஏண்டி வச்சிட்ட?" என்று கேட்டேன்.

"யாருன்னே தெரியாத ஒரு குட்டிகிட்ட எம்புள்ள செத்த கதைய நான் சொல்லணும், அவ உச்சு கொட்டணும். அப்புறம் 'இவளுக்கு மண்டை சரியில்ல'ன்னு எழுதிக் குடுத்து என் பஸ்ஸப் புடுங்குவானுங்க. வேற சோலி இல்ல எனக்கு?"

பஸ்ஸைப் பிடுங்குவார்கள் என்ற பயம் பொய்யில்லை. அப்படிப் போனவர்களை எனக்கே தெரியும். ஆனால் அவள் நிறுத்தங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். பயணிகள் மணியடித்துக் கத்திய பிறகுதான் விழிப்பாள். தெருவில் யாராவது கார் கதவைப் படாரென்று சாத்தினால் உடம்பு வெடவெடவென்று நடுங்கும், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அதே நடுக்கம், அதே சத்தம் சபையில் மேளத்தின் நடுவே வந்தால் மட்டும் பெயர் வேறு. ஓசெல்லா மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது! அல்லேலூயா! வருடக் கணக்கில் ஒருத்தியின் நோய்க்குக் கை தட்டினோம்.

இதில் இன்னொரு கொடுமை, ஜமார்கஸின் தாய் லுவெனியாவும் எங்கள் சபைதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு பேரில் ஒருத்தி வேறு சபைக்குப் போயிருக்கலாம். இருவருமே போகவில்லை. லுவெனியா நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒரு வரிசை முன்னால், தனியாக உட்காருவாள். அவளோடு யாரும் பெஞ்சைப் பகிர்ந்துகொள்வதில்லை. பிரசங்கம் முழுக்க ஓசெல்லாவின் கண் அவள் பிடரியிலேயே இருக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல்கள் பேரம் பேசியதில் ஜமார்கஸுக்கு ஆறு வருடம்தான் கிடைத்தது. அவன் விடுதலையாகி வந்த முதல் ஞாயிறன்று ஓசெல்லா ஊதா நிறத் தொப்பியும் பெரிய கறுப்புக் கைப்பையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைக்குள் துப்பாக்கி இருந்தது. எனக்கு அப்போது தெரியாது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனைக் கொல்லத்தான் வந்திருந்தாள்.

பாஸ்டர் ப்ரூயிட்டுக்கு மூளை இருந்திருந்தால் அன்று அந்தப் பையனைப் பின்வரிசையில் சும்மா உட்கார விட்டிருப்பார். அவர் பீடத்தில் நின்று கையை விரித்தார்.

"வீட்டுக்குத் திரும்பி வந்த மகனே, முன்னால வாப்பா! சபை உன்னைக் கட்டி அணைக்கட்டும்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டே போனான். பாதி சபை கை தட்டியது. மீதிப் பேர் ஓசெல்லாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நடைபாதைக்கு வந்தாள். வலது கை பைக்குள் போயிருந்தது. இரண்டு எட்டு வைத்தாள். மேளக்காரன் பாஸ்டரின் வார்த்தைக்கு எடுப்பாக ஒரு அடி அடித்தான், படார் என்று.

அவ்வளவுதான். அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஆவி! ஆவி! ஸ்தோத்திரம்!" என்று மூலைக்கு மூலை கத்தினார்கள். மேளமும் ஆர்கனும் வேகம் பிடித்தன. பணிவிடைக்காரப் பெண்கள் ஓடி வந்து கைகோத்து அவளைச் சுற்றி வளையம் கட்டினார்கள். ஆவி இறங்கியவர் பெஞ்சில் மோதிக்கொள்ளாமல் இருக்க எங்கள் சபையில் இப்படித்தான் செய்வது. இடுப்பில் இரண்டு கைகள் விழுந்ததும் ஓசெல்லா மிருகமாகிவிட்டாள். மகனிடமிருந்து பிடுங்கிப் போட்டார்களே, அதே பிடி. ஒருத்தியின் மூக்கை முழங்கையால் உடைத்தாள். இன்னொருத்தியின் கன்னத்தைக் கடித்துப் பிய்த்தாள். வெள்ளை உடுப்பெல்லாம் ரத்தம். அவர்களோ, "விடுங்க, கர்த்தர் கிரியை செய்யட்டும்!" என்று ரத்தம் ஒழுக ஒழுகப் பாடினார்கள்.

மதர் ஹேட்டி வந்தாள். எண்பதை நெருங்குகிறவள், சபையின் நர்ஸ். வெள்ளைத் தொப்பி வைத்திருப்பாளே தவிர ஊசி போடத் தெரியாது. ஆவி இறங்கியவர்களின் மூக்குக்கண்ணாடி, தோடு, கைப்பை எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றி வாங்கிப் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைப்பதுதான் அவள் ஊழியம். எத்தனையோ வருடப் பழக்கத்தில் ஓசெல்லாவின் கையிலிருந்து பையை லாவகமாக உருவிவிட்டாள். சபை முழுவதும் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு மடி. அதில் வைத்தாள்.

லுவெனியாவின் மடி.

பையின் கனம் அவளுக்குச் சொல்லிவிட்டது. மேலே தடவிப் பார்த்தாள். பிறகு அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஆராதனை முடியும் வரை அசையாமல் இருந்தாள். அவள் ஏன் கத்தவில்லை என்று பிறகு கேட்டேன். "கத்துனா போலீஸ் வரும். துப்பாக்கியோட ஒரு கறுப்புப் பொம்பள நடுங்கிட்டு நிக்கிறா. அவனுங்க அவள என்ன பண்ணுவானுங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்படியும் ஒரு மனுஷி.

ஆராதனை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் ஓசெல்லா அவளை மறித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என் பையக் குடு."

"குடுக்க மாட்டேன் ஓசெல்லா. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுதுல்ல? குடு. இல்லன்னா உன் கழுத்த நெரிச்சிட்டு எடுத்துக்குவேன்."

"நெரி. உன்னால முடிஞ்சத செய்."

முதல் குத்திலேயே லுவெனியாவின் உதடு கிழிந்தது. அவள் பையை விடவில்லை. இரண்டாவது குத்தில் தரையில் விழுந்தாள். ஓசெல்லா அவள் மேல் ஏறி உட்கார்ந்து தலைமயிரைப் பிடித்துத் தார்த்தரையில் மோதினாள். லுவெனியா பதிலுக்கு அவள் கட்டைவிரலைக் கடித்தாள், எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓசெல்லாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். கோட்டுதான் என் கையோடு வந்தது.

"அம்மா!" என்று ஒரு குரல். ஜமார்கஸ் ஓடி வந்துகொண்டிருந்தான்.

ஓசெல்லா எழுந்து அவனை நோக்கி ஓடினாள். அவன் பாதி வழியில் நின்றான். சண்டைக்கு நிற்கவில்லை, ஓடவும் இல்லை. சட்டென்று மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டான். சிறையில் சத்தம் கிளம்பினால் அப்படித்தான் கிடக்க வேண்டுமாம்.

அவள் உதைத்தாள். விலாவில், தோளில், முகத்தில். செருப்பு கழன்று பறந்த பிறகும் வெறுங்காலால் உதைத்தாள். அவன் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"எந்திரிடா! என் முகத்தப் பாருடா, நாயே! எந்திரி!"

அவன் எழவில்லை. அவள் குனிந்து தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். கண் திறந்திருந்தது. அதில் ஆள் இல்லை. அவள் கத்துவது அவன் காதில் விழவே இல்லை. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஓசெல்லா அவன் தாடையை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள்.

"இவன் தூங்குறானா?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"கட்டிலுக்கு அடியில படுக்கறான்," என்றாள் லுவெனியா பையை விடாமல் தரையில் கிடந்தபடி. "கதவு சாத்தக் கூடாது, கத்துவான்."

"நல்லா கத்தட்டும்," என்றாள் ஓசெல்லா.

மன்னித்தாள் என்று நினைக்காதீர்கள். பாஸ்டர் ப்ரூயிட் அப்படித்தான் இன்றுவரை பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆவியானவர் இறங்கிக் கொலையைத் தடுத்தார் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஜமார்கஸின் முகத்தில் துப்பிவிட்டுத்தான் என் காரில் ஏறினாள்.

நான் வண்டியை அவள் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"வீட்டுக்கு வேணாம் டெல். ஆஸ்பத்திரிக்கு விடு."

"ஆமாண்டி, அந்த விரல முதல்ல காட்டணும்."

வழியில் வந்த ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் மேசையில் எங்கள் நிறத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஓசெல்லாவின் விரலைப் பார்த்ததும், "அய்யய்யோ, என்னக்கா ஆச்சு? உக்காருங்க, எலும்பு டாக்டரக் கூப்பிடறேன்," என்று போனை எடுத்தாள்.

ஓசெல்லா அந்தப் போனின் மேல் தன் ரத்தக் கையை வைத்து அழுத்தினாள்.

"விரல விடும்மா. காலைல ஒரு பையனக் கொல்லப் போனேன், நடக்கல. நாளைக்கும் போவேன், எனக்கு என்னைத் தெரியும். என் பஸ்ஸ வேணும்னா எடுத்துக்கங்க. என்னை இங்கயே பூட்டி வச்சு, என் தலைக்குள்ள என்னன்னு பாருங்க."