பூசணத்தின் எச்சில்

பூசணத்துக்கு வாய் கிடையாது. ஆனாலும் தின்னும். நொதி என்று ஒன்றைத் துப்பும், அது ஏலச்செடியின் தண்டைக் கூழாக்கும், அந்தக் கூழை இது உறிஞ்சிக்கொள்ளும். பந்தியில் எவனாவது இப்படிச் சாப்பிட்டால் இலையோடு தூக்கி வெளியே போட்டிருப்போம். நான் அந்த எச்சிலைத்தான் ஐந்து வருசம் ஆராய்ச்சி செய்தேன்.

என் மருந்து ஒரு பாலிமர். ஆய்வகத்தில் செய்த நீளச் சங்கிலி, உடம்பு முழுக்க பாசிட்டிவ் சார்ஜ். பூசணத்தின் நொதிக்கு நெகட்டிவ். இரண்டையும் ஒரே சோதனைக் குழாயில் விட்டால் பாலிமர் ஓடிப்போய் நொதியை அப்பிக்கொள்ளும். அப்புறம் அதால் ஒன்றையும் கரைக்க முடியாது. குழாயில் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தேன். தலைக்கனம் ஏறிவிட்டது.

எங்கள் மலையூர் உடும்பஞ்சோலையில் அண்ணன் தன் ஏலத்தோட்டத்தில் இருநூறு செடியை மருந்தைச் சோதிக்க எனக்கு விட்டான். அதுதான் அவனுடைய பாதித் தோட்டம்.

"அழுகலுக்கு எப்பவும் அடிக்கிற துரிசு மருந்த இந்த மழைக்கு இதுக்கு அடிக்கல. ஒன்னயத்தான் நம்பியிருக்கேன். அழுகுச்சு, ஒன்னயப் புடிச்சு அந்தக் குழியில நட்டுருவேன்" என்றான்.

பொடியைக் கொடுத்து, அளவைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தால் இருநூறும் அடியில் கொழகொழத்துச் சாய்ந்து கிடந்தன. நாற்றம் வேறு.

"என்னண்ணே செஞ்ச?"

"நீ சொன்ன அளவுதான். டிரம்ல கலக்கி, சோப்பு போட்டு அடிச்சேன்."

"சோப்பா? அது மருந்தையே கெடுத்துருமே!" என்றேன். எங்கள் மலையில் எந்த மருந்தானாலும் சோப்பைக் கரைத்துத்தான் அடிப்பார்கள். இல்லாவிட்டால் மழைக்கு இலையில் நிற்காது. சோப்புக்கும் நெகட்டிவ் சார்ஜ்தான். என் பாலிமர் நொதியைப் பார்க்கும் முன்னாலேயே டிரம்முக்குள் சோப்போடு குடித்தனம் போய்விட்டது.

"கலக்குனப்ப பால் திரிஞ்ச மாதிரி திரிதிரியா வரலியா?"

"வந்துச்சே. குழாய அடச்சுச்சு. துணியில வடிகட்டி அடிச்சேன்."

அடப்பாவி! மருந்தை வடிகட்டி எறிந்துவிட்டு வெறும் தண்ணியை அடித்திருக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"என்னப்பா, தங்கச்சி மருந்து செடியவே சாச்சிருச்சு போல?" என்று சிரித்தார்.

"மருந்த ஒண்ணும் சொல்லாதீக. அது நல்ல மருந்து. நாந்தான் மடப்பய, சோப்பக் கலந்து கெடுத்துட்டேன்" என்றான் அண்ணன்.

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. சோப்பு பட்டால் அது வேலை செய்யாது என்று எனக்கு முன்னமே தெரியும். ஆய்வேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன், இங்கிலீஷில். அண்ணனிடம்தான் சொல்லவில்லை.