அந்த ஊரில் விழுந்த ஒரே ஓட்டு

“எந்தக் கை டீச்சர்?” என்று கேட்டு இரண்டு கைகளையும் நீட்டினார் அந்த அக்கா. வெங்காய வாசனை போகாத கைகள். நான் மை தொட்ட குச்சியைப் பிடித்தபடி, வைக்கவும் மனமில்லாமல் மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆசிரியை வேலைக்கு வந்த புதிதில், நாடாளுமன்றத் தேர்தலுக்காக என்னைக் குளத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். விரலில் மை வைப்பது என் வேலை. காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. காட்டாற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லி இரண்டு தேர்தல்களில் ஓட்டு வாங்கிப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எவர் வந்தால் என்ன என்று ஊர் சலித்துப்போயிருந்தது. விரலில் மை தெரிந்தால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். கண்காணிக்க எதிரே புளியமரத்தடியில் நாலு பேர்.

எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்தான் அந்த அக்கா. நாங்கள் சாப்பிட்டதும் பாத்திரங்களை அடுக்கியவர், பட்டியலில் தன் பேர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

“வேணாம்மா. நாளைக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம்” என்றார், தலைமை அலுவலராக வந்திருந்த கணக்கு வாத்தியார். அதிகாரி சொல்லக் கூடாத சொல். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“மை வைக்காமப் போட முடியாதுங்களா?”

“முடியாதும்மா.”

அக்கா வாசலைப் பார்த்தார். “எம்மக பிரசவ வலியோட அந்த ஆத்தங்கரையிலதான் செத்தா சார். தண்ணி வடியட்டும்னு உக்காந்திருந்தோம். இப்பவும் உக்காந்திருக்கச் சொல்றாங்க.”

அப்புறம்தான் கையை நீட்டினார். இடது கை விரலில் வைத்தேன். ஓட்டுப் போட்டு வந்தவர் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து விரலில் சுற்றினார். “அருவாமணை வெட்டிருச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

மரத்தடியிலிருந்து ஒருவர் வந்து வழிமறித்ததையும், துணியை அவிழ்க்கச் சொன்னதையும் சன்னல் வழியே பார்த்தேன். வாத்தியார் வாசல்வரை ஓடினார். ஓட்டுப்பெட்டியை விட்டு அதற்கு மேல் போக முடியாது. “ஊர் விவகாரம் சார்” என்றார் காவலுக்கு வந்த போலீஸ்காரர். அக்கா தானே துணியை அவிழ்த்துக் காட்டிவிட்டு நடந்தார்.

அடுத்த தேர்தலுக்கும் எனக்கு அதே சாவடிதான் விழுந்தது. ஜீப் புதுப் பாலத்தின் மேல் போனது. வரிசை புளியமரத்தையும் தாண்டியிருந்தது. பட்டியலில் அக்காவின் பேர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. முதலில் நின்றவரிடம் விசாரித்தேன்.

“அவ ஊர விட்டுப் போயி வருசமாச்சுங்க. எங்கிட்டுப் போனாளோ.”

அன்று துணியை அவிழ்க்கச் சொன்னவர் அவர்தான். இடது கையை நீட்டியபடி நின்றார். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கிறேன். அவருக்கும் மை வைத்தேன்.